பின்னலுக்கு ஒரு கண்ணாடி

தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களில் ஒரு வகை உண்டு. ஐந்தாறு வயதுச் சிறுமி பட்டுப் பாவாடையும் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமுமாக நிற்பாள். அவளுக்குப் பின்னால், சற்றே சாய்வாக, ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கும். படத்தின் ஒரு பக்கம் அவள் முகம்; மறுபக்கம், கண்ணாடிக்குள், உச்சி முதல் குஞ்சலம் வரை பூத் தைத்த அவள் சடை. படம் பிடிக்க ஆனது ஒரு நொடியோ இரண்டு நொடியோதான். அதற்கு முன்னால் அந்தக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை உலர்த்தி, மொட்டு மொட்டாகப் பூவைத் தைத்து, நகை பூட்டி, மை தீட்டி, கசக்காதே கலைக்காதே என்று சொல்லிச் சொல்லி ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போக அரை நாள் ஆகியிருக்கும். அந்த அரை நாள் எதற்காக? பழைய கேமரா மந்தமானது, ஒரு படத்துக்கு ஆன செலவும் அதிகம், அதனால்தான் மக்கள் அத்தனை பாடுபட்டார்கள், கருவி வேகமெடுத்ததும் அந்தப் பாடு தேவையற்றுப் போயிற்று என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. என் வாதம் வேறு: தன் பிள்ளையைப் பிறர் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்ய ஒரு குடும்பம் எடுத்துக்கொண்ட உரிமைதான் அந்தத் தயாரிப்பு.

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்த்துவிடலாம். 1839இல் பாரிஸில் டாகேர் என்பவரின் படமெடுக்கும் முறை வெளியிடப்பட்டபோது ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. கட்டடத்துக்கு அது போதும், குழந்தைக்கு ஆகாது. 1840இல் பெட்ஸ்வால் வடிவமைத்த லென்ஸ் அந்த நேரத்தை வெகுவாகக் குறைத்தது. 1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறையில், வெளிச்சம் நன்றாக இருந்தால் சில விநாடிகளில் படம் பதிந்தது. கைக்குழந்தைக்கு அந்தச் சில விநாடிகளே நெடுநேரம். பெரியவர்களின் பிடரியைத் தாங்க இரும்புக் கவை வைத்திருந்தார்கள். குழந்தைக்கு அது உதவாது. ஆகவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாயை உட்காரவைத்து, தலையோடு துணி போர்த்தி மறைத்து, அவள் மடியில் குழந்தையை இருத்திப் படமெடுத்தார்கள். குழந்தை தெரியும், தாய் இருக்கும் இடத்தில் துணிக் குவியல்தான் தெரியும். சென்னையில் 1856இல் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ரசாயனம் பூசிய கண்ணாடித் தகட்டை ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். சென்னை வெயிலில் அந்த அவகாசம் இன்னும் குறைவு. அப்படிப்பட்ட கருவியின் முன் குழந்தையை நிறுத்துவதற்கு முன்னேற்பாடு தேவைப்பட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இந்த நெருக்கடி நெடுநாள் நீடிக்கவில்லை. 1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தகடு, 1878இல் சார்லஸ் பென்னட் செய்த மேம்பாட்டுக்குப் பிறகு, விநாடியின் ஒரு சிறு பகுதியிலேயே படத்தைப் பதித்தது. 1880களில் அது கடையில் வாங்கும் பொருளாகிவிட்டது. 1900இல் கோடாக் நிறுவனம் ஒரு டாலர் விலையில் பிரவுனி கேமராவைக் குழந்தைகளுக்கென்றே விற்றது. கருவியின் மந்தம்தான் காரணம் என்றால், அடுத்த பத்திருபது ஆண்டுகளில் குழந்தைகள் துள்ளித் திரியும் படங்கள் நம் வீடுகளில் நிறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவாக்கிய தமிழ் ஸ்டுடியோப் படங்கள் 1880 முதல் 1980 வரையான நூறாண்டுக்கு உரியவை. அதாவது அசையாமல் நிற்க வேண்டிய கட்டாயம் தளர்ந்த பிறகுதான் அசையாத குடும்பப் படங்களின் காலமே இங்கு தொடங்குகிறது. சிரிப்பின் கதையும் இதற்குச் சாட்சி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆண்டுமலர்களில் 1905 முதல் 2013 வரை வந்த சுமார் 38 ஆயிரம் முகப்படங்களைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒப்பிட்டார்கள். அந்த மாணவர்கள் அனைவரும் வேகமான கேமராவின் முன் நின்றவர்களே. ஆனாலும் முகத்தில் சிரிப்பு பத்தாண்டு பத்தாண்டாக மெல்லத்தான் விரிந்திருக்கிறது. படத்துக்கு எந்த முகத்தோடு நிற்பது என்பதைக் கருவியைவிட வழக்கமே அதிகம் தீர்மானித்திருக்கிறது.

நம் ஊர் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால் இது இன்னும் தெளிவாகும். மின்விளக்குக்கு முந்திய காலத்தில் வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி பதித்திருப்பார்கள். பின்னால் மாளிகைத் தூணும் படிக்கட்டும் பூந்தோட்டமும் தீட்டிய திரை. முன்னால் பிரம்பு நாற்காலி, பூச்சாடி வைத்த உயரமான முக்காலி. இவை கடைக்காரர் சேர்த்தவை. குழந்தையின் மேல் இருப்பதோ வீட்டார் சேர்த்தது. அரைஞாணும் காப்பும் கொலுசும் மட்டுமே உடையாகக் குப்புறக் கிடக்கும் கைக்குழந்தையின் கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கும். நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகத்துச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மறைப்பது ஸ்டுடியோக்காரர்களின் அன்றாட வேலை. அதே பென்சிலால் அந்தப் பொட்டையும் எளிதில் அழித்திருக்கலாம். ஆனாலும் அது படத்தில் அப்படியே நிற்கிறது. ஆரம்பகாலத் தகடுகளில் சிவப்பு நிறம் சரியாகப் பதியாது. அரக்குப் பட்டு கறுப்பாக விழும், நெற்றிக் குங்குமமும் கன்னத்து மையும் ஒரே கறுப்பாகிவிடும். கருவி வேறுபடுத்தத் தெரியாததை வீட்டார் வேறுபடுத்தி இட்டார்கள். அந்த மை கேமராவுக்காக வைத்ததல்ல, படத்தைப் பார்க்கப்போகும் கண்களுக்காக வைத்தது.

கண்ணாடியும் சடையும் இருக்கும் படம் இதற்கு உச்சம். மல்லிகை மலிவாகக் கிடைக்கும் கோடையில், வாழைப்பட்டையில் மொட்டுகளை வரிசையாகத் தைத்து, பின்னலின் மேல் வைத்து இறுக்கி, இடையிடையே தாழம்பூ மடலும் கனகாம்பரமும் சேர்த்து, தலையில் ராக்கொடி வைப்பார்கள். குழந்தை அசையாமல் உட்கார வேண்டியிருந்த நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் கழிந்தது, கேமராவின் முன் அல்ல. இப்படிச் செய்த அலங்காரம் முழுவதும் முதுகுப் பக்கம். படத்தில் விழுவதோ முகம். ஆகவே கண்ணாடி வந்தது. சடை முழுதும் தெரிய வேண்டும், கேமராவும் அதன் கறுப்புத் துணியும் படமெடுப்பவரும் தெரியக் கூடாது. இந்தக் கோணத்தைக் கண்டுபிடிப்பது தேர்ந்த தொழிலாளியின் வேலை. இங்கே யார் யாருக்குப் பணிகிறார்கள்? ஒரு பார்வையில் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டக்கூடிய கருவியை, இரண்டு பக்கமும் காட்டு என்று ஒரு வீட்டின் பெண்கள் வேலைவாங்கியிருக்கிறார்கள். ஆண் குழந்தைகளின் படங்களும் அப்படியே. குலதெய்வத்துக்கு முடி இறக்குவதற்கு முன், நீண்டு வளர்ந்த முடியைப் பின்னி, பூவைத்து, பாவாடை கட்டி, பெண் குழந்தையாக அலங்கரித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது, இன்றும் இருக்கிறது. மறுநாள் இல்லாமல் போகும் ஒரு தோற்றத்தைக் காத்துவைக்க வேண்டும் என்று எண்ணியதும் குடும்பம்தான்.

இந்தத் தயாரிப்புக்கு முகவரியும் இருந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பிழைக்கப்போன ஆண்கள் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாத காலம் அது. பிள்ளை பிறந்த செய்தியைக் கடிதத்தில் அறிந்த தகப்பனுக்கு அதன் முகம் படமாகத்தான் போய்ச் சேரும். அஞ்சலட்டை அளவிலான தாளில் அச்சிட்டு, பின்பக்கம் முகவரி எழுதி அனுப்பும் வசதியும் வந்தது. அப்படி அனுப்பும் படத்தில் எண்ணெய் வழியும் தலையும் கசங்கிய சட்டையும் இருந்தால் தகப்பன் என்ன நினைப்பான் என்ற கவலை தாய்க்கு இருந்திருக்கும். நகை அடகில் இல்லை, பிள்ளை நோஞ்சான் இல்லை, நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுத்தறியாத ஒருத்தி கடல் தாண்டிச் சொல்ல அந்தப் படம்தான் வழி. அவளுக்கு அதுவே கடிதம்.

உரிமை என்ற சொல்லை நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால், அந்த உரிமை இல்லாதவர்களின் படங்களைப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படமெடுத்தார். எலும்பும் தோலுமான பெரியவர்களும் குழந்தைகளும் அந்தப் படங்களில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். பின்வரிசை நிற்க, முன்வரிசை அமர, ஏறக்குறைய ஸ்டுடியோக் குழுப்படத்தின் அமைப்பு. கிட்டத்தட்ட அதே காலம், அதே வகைக் கருவி, அதே போல அசையாத குழந்தைகள். வேறுபாடு ஒன்றுதான்: யாரும் அந்தக் குழந்தைகளுக்குத் தலைவாரிவிடவில்லை, எப்படித் தோன்ற விரும்புகிறீர்கள் என்று யாரும் அந்தத் தாய்மாரைக் கேட்கவில்லை. பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, படமும் எடுத்து, 1909இல் ஏழு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அவற்றில் மனிதர்கள் சாதிகளின் மாதிரிகளாக நிற்கிறார்கள். தயார்செய்துகொள்ள நேரமோ பொருளோ சம்மதமோ இல்லாமல் படமெடுக்கப்படுவது என்ன என்பதை இந்தப் படங்கள் காட்டுகின்றன. அதற்கு எதிரே வைத்துப் பார்த்தால்தான் ஒரு தாய் தன் பிள்ளைக்கு மை தீட்டிய அரை நாளின் கனம் புரியும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு: அந்தப் படங்கள் பொய். இரவல் நாற்காலி, தீட்டிய மாளிகை, அக்கம்பக்கத்தில் வாங்கிப் பூட்டிய சங்கிலி. இதில் உண்மை எங்கே? கேள்வி நியாயமானது. இரவல் நகையை வைத்து அந்தக் குடும்பத்தின் சொத்தை மதிப்பிடப் போகிறவர் ஏமாறுவார். ஆனால் கல்யாணத்துக்கு இரவல் நகை பூட்டும் ஊரில் அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நாளின் மதிப்புக்குச் செய்யும் மரியாதை என்றே கொள்கிறார்கள். பின்னால் தொங்குவது திரை என்பது படத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஒரே நாற்காலியும் ஒரே தூணும் ஒரே ஊரின் பல வீட்டுப் படங்களில் வருகின்றன. ஏமாற்றும் நோக்கம் இருந்திருந்தால் அது முதல் நாளே வெளுத்திருக்கும். இன்னொரு குறை இதைவிடக் கனமானது: இந்த உரிமைக்கு விலை இருந்தது. கூலி வேலை செய்த எத்தனையோ குடும்பங்களில் ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவமே படமில்லாமல் போயிற்று. நம்மிடம் எஞ்சியிருக்கும் படங்கள் காசு கொடுக்க முடிந்தவர்களின் வரலாறுதான். இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆனால் உரிமை சிலருக்குக் கிட்டவில்லை என்பது அதன் மதிப்பைக் குறைக்காது. கிட்டாதவர்களின் இழப்பு எவ்வளவு என்பதையே அது சொல்லும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. உரிமை பெற்றோருக்கு, அவதி குழந்தைக்கு. சடை இறுக்கத்தில் தலை வலித்ததும் பட்டு உறுத்தியதும் அதற்குத்தானே? உண்மை. சில படங்களில் கண்ணோரம் நீர் மின்னுவதும், உதறிய கை மட்டும் மங்கலாகப் பதிந்திருப்பதும் குழந்தை சொன்ன ஆட்சேபமாகவே நிற்கின்றன. ஆனால் குழந்தையை வெறும் அதட்டலால் நிறுத்த முடியாது என்பதும் அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கையில் ஒரு ரப்பர் பொம்மை, கேமராவுக்குப் பக்கத்தில் கிலுகிலுப்பையை ஆட்டும் தாய்மாமன், உட்கார ஒரு மரக்குதிரை; பசியும் தூக்கமும் வராத வேளையாகப் பார்த்து ஸ்டுடியோவுக்குப் போவது. தயாரிப்பில் பாதி, குழந்தையின் மனத்தைக் கேட்டு நடப்பதுதான். நல்ல படம் கிடைத்த இடங்களில் அந்தப் பாதி நன்றாக நடந்திருக்கிறது.

இன்று கைபேசி ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கிறது. குழந்தை ஓடுகிறது, அழுகிறது, சோறு அப்பிய வாயோடு சிரிக்கிறது, எல்லாமே பதிகிறது. இதுவே இயல்பு, இதுவே உண்மை என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பழைய படத்தில் கிடைக்காத குழந்தையின் ஓட்டம் இதில் கிடைக்கிறது. ஆனால் பழைய தயாரிப்போடு சேர்ந்தே இருந்த ஒரு கேள்வியும் இப்போது கைவிடப்பட்டிருக்கிறது: இதை யார் பார்க்கப்போகிறார்கள்? அன்று பிரதி ஒன்று வீட்டுச் சுவரில் தொங்கியது, ஒன்று ரங்கூனுக்குப் போயிற்று, நெகட்டிவ் ஸ்டுடியோக்காரரிடம் இருந்தது. இன்று குளியலறைப் படம்கூட முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடம் போய்ச் சேர்கிறது. பட்டையும் பூவையும் மீட்க வேண்டும் என்பது என் வாதம் அல்ல. பிள்ளையின் உருவத்தை வெளியே அனுப்பும் முன் அது யாருக்கு, எந்தக் கோலத்தில் என்று யோசிக்கும் அந்த அரை நாளின் அக்கறையை இழக்கக் கூடாது என்பதுதான்.

ஸ்டுடியோக்கள் மூடப்பட்டு, பழைய படங்கள் பழைய பேப்பர் கடைக்கும் பழம்பொருள் வியாபாரிக்கும் போகும் காலம் இது. பலவற்றின் பின்பக்கம் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஹூப்பரின் படத்தில் வரிசையில் அமர்ந்திருந்த குழந்தையின் பெயர் நமக்குத் தெரியாது. கண்ணாடியின் முன் நின்ற சிறுமியின் பெயரும் தெரியாது. ஆனால் அவள் சடையில் மொட்டுகள் நூல் பிடித்தாற்போல நேராக இறங்குகின்றன. அவளுக்குப் பின்னால் பொறுமையாக உட்கார்ந்து ஊசி கோத்த ஒருத்தி இருந்தாள் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.