நொண்டி ராஜா

திருவண்ணாமலைன்னா எல்லாருக்கும் தீபம், கிரிவலம். எனக்கு நொண்டியும் ஞாபகம் வரும்.

ரமணர் விரூபாட்ச குகையில் இருந்தது 1899 முதல் 1916 வரை. அந்தக் காலத்தில், தலைவன் குரங்கு கடித்துக் குதற, செத்துடுச்சுன்னு கூட்டமே விட்டுட்டுப் போன குட்டி அது. ரமணர் எடுத்துக் காப்பாத்தினார். கால் நொண்டியாச்சு, அதுவே பேராச்சு. மனுஷன் கை பட்ட குரங்கைக் கூட்டம் சேர்க்காதும்பாங்க. நொண்டியைச் சேர்த்துக்கிச்சு. பின்னாளில் அந்தக் கூட்டத்துக்கே ராஜா!

போன வருஷம் கிரிவலப் பாதையில் அடிபட்ட புள்ளிமான் குட்டியைப் பார்த்தப்போ, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமான்னு ஒரு நிமிஷம் ஆசை. மானை வீட்டில் வளர்த்தா 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொன்னேன். சட்டத்துக்குப் பயந்து மட்டுமில்லைங்க. குகையிலேயே வச்சிருந்தா நொண்டி ராஜாவாகியிருக்குமா?