கப்பலில் யாருக்கு எந்த அறை? குடும்பத்தோடு கடல் பயணம் புறப்படும் கெடா மக்களுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரக் குடும்பங்களின் புலனக் குழுக்களில் இப்போது கப்பல் பேச்சும் வருகிறது. பினாங்கு சுவெட்டன்ஹாம் துறைமுகமோ கிள்ளான் துறைமுகமோ சிங்கப்பூரோ, ஏறும் இடம் எதுவானாலும் முதல் சிக்கல் ஒன்றுதான். பதினான்கு பேர் போகிறார்கள் என்றால் யார் யாரோடு தங்குவது? இதை ஏறும் நாளன்று பேசிக்கொள்ளலாம் என்று விடுபவர்களே பெரும்பாலும் மனத்தாங்கலோடு இறங்குகிறார்கள்.

கெடா தமிழருக்குக் கப்பலில் இடம் பிடிப்பது புதிய கதை அல்ல. கடாரம் என்ற பழம்பெயரையும் சோழர் கடற்படையையும் விட்டுவிடலாம். இன்றைய தாத்தா பாட்டிகளில் பலர் ‘ரஜூலா’வில் வந்தவர்கள், அல்லது அதில் வந்தவர்களின் பிள்ளைகள். 1926ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் ஓட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் போய் வந்தது. தொடக்கத்தில் மேல்தளப் பயணிகள் மட்டும் 5,000க்கு மேற்பட்டோரை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அறை வாங்கியவர்கள் சிலரே. மற்றவர்களுக்குப் பாய் விரித்த இடமே அறை, டிரங்குப் பெட்டியே சுவர். முந்தி ஏறியவர் நல்ல இடம் பிடித்தார். 1973ல் அது கைமாறியது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து, உயிர்ச்சேதத்தோடு அந்தச் சேவையே முடிந்தது.

இன்று பாய் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் 2016ல் கட்டப்பட்ட ‘கெந்திங் டிரீம்’ போன்ற கப்பலின் நீளம் 335 மீட்டர், அறைகள் 1,600க்கு மேல். அண்ணன் ஒரு முனையிலும் தம்பி மறுமுனையிலும் விழுந்தால், பாட்டியைப் பார்க்க நடப்பதே ஒரு வேலையாகிவிடும்.

அறைக்கு முன் ஆட்களின் பட்டியல் சரியாக வேண்டும். கடப்பிதழ் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். முன்பதிவில் கொடுக்கும் பெயர் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்தினால், பல நிறுவனங்கள் கட்டணம் கேட்கும். தோட்டத்துக் குடும்பங்களில் இன்னொரு சிக்கல் உண்டு, அதை வெளியே சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள்: வீட்டில் ஒருவருக்காவது சிவப்பு அடையாள அட்டை இருப்பது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. வேறு நாட்டுக் கடப்பிதழும் இல்லாதவர் குடிநுழைவுத் துறையில் அடையாளச் சான்றிதழ் எனப்படும் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சிங்கப்பூருக்கோ தாய்லாந்துக்கோ போகும் கப்பலானால் விசா வேண்டுமா என்று தனியாகக் கேட்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். முன்பணம் கட்டிய பிறகு “பாட்டிக்குச் சிவப்பு அட்டை” என்று சொல்வதற்குப் பதில், குழு தொடங்கிய அன்றே யாராவது ஒருவர் அதை மென்மையாகக் கேட்டுவிடுவது நல்லது. அவரை விட்டுவிட்டுப் போவதா, பயணத்தைத் தள்ளிவைப்பதா என்பதைக் குடும்பம் அப்போதே பேசிக்கொள்ளலாம்.

வயதுக்கும் விதி உண்டு. பொதுவாக ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. பயணத்தின் எந்த நாளிலாவது 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணியையும் ஏற்பதில்லை. மருமகளுக்கு நான்காவது மாதம் நடக்கிறது, பயணமோ மூன்று மாதம் கழித்து என்றால், அப்போது எத்தனை வாரமாகும் என்று கணக்குப் போட வேண்டும்.

இனிக் கணக்கு. கட்டணம் பெரும்பாலும் இரண்டு பேர் ஓர் அறையில் என்ற அடிப்படையில்தான் போடப்படுகிறது. முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாம் நான்காம் ஆளுக்குக் குறைவு. ஒருவர் தனியே தங்கினால் இரண்டாவது படுக்கைக்கும் சேர்த்துக் கட்ட நேரும். மடியில் தூங்கும் கைக்குழந்தையும் அறைக் கணக்கில் ஓர் ஆள்தான், ஏனென்றால் உயிர்காப்புப் படகில் அதற்கும் இடம் வேண்டும். இதே காரணத்தால் சில நேரம் அறை காலியாக இருந்தும், மூன்றாம் நான்காம் படுக்கைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்வார்கள். பிள்ளைகள் நிறைந்த குடும்பம் முந்திப் பதிவு செய்ய வேண்டியது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. பாட்டி, அவருடைய மூன்று பிள்ளைகளும் துணைகளும், கல்யாணமாகாத கடைசி மகன், பேரப்பிள்ளைகள் ஆறு பேர்: மொத்தம் பதினான்கு. மூத்தவருக்கு 17 வயதில் மகளும் 15 வயதில் மகனும். அடுத்தவருக்கு ஒன்பதும் ஏழும். மூன்றாமவருக்கு நான்கு வயதுப் பிள்ளையும் எட்டு மாதக் குழந்தையும். மலிவான வழி நான்கு அறை: மூன்று குடும்பமும் நால்வர் நால்வராக, பாட்டியும் கடைசி மகனும் நான்காவதில். முழுக் கட்டணம் எட்டுப் பேருக்கு மட்டும்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் பாட்டி எழுந்து, ஒடுங்கிய, வாசலில் சின்னப் படியுள்ள கழிப்பறைக்குப் போக வேண்டும். மகன் வெளியே இருக்கலாம். இருந்தாலும் பாட்டி அவனைக் கூப்பிடக் கூசுவார். ஐந்து அறை என்றால் பாட்டியோடு 17 வயதுப் பேத்தி, சித்தப்பாவோடு 15 வயதுப் பையன், மூத்த தம்பதி தனியாக, மற்ற இரு குடும்பமும் நால்வர் நால்வராக. முழுக் கட்டணம் பத்துப் பேருக்கு ஆகிறது. அந்த இரண்டு முழுக் கட்டணத்துக்கும் குறைந்த கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குடும்பம் பங்கிட்டுக் கொள்வதே சரி. பாட்டிக்காக வந்த செலவை மூத்தவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. பதினெட்டு நிறையாதவர் பெற்றோரில்லாத அறையில் தங்க எழுத்துமூல ஒப்புதல் கேட்கலாம். எனவே அந்த அறைகள் பெற்றோரின் அறைக்கு ஒட்டியோ எதிரிலோ இருக்கும்படி கேட்க வேண்டும்.

‘பக்கத்து அறை’ என்றால் சுவர் மட்டும் பொது. ‘இணைப்பு அறை’ என்றால் உள்ளேயே கதவு இருக்கும். இரண்டும் ஒன்றல்ல, பதிவு செய்யும்போது எது என்று தெளிவாகக் கேட்க வேண்டும். பல கப்பல்களில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்கள் மறுபக்கமும் இருப்பதால், 8020க்கு அடுத்தது 8022. 8021 இருப்பது கப்பலின் அந்தப் பக்கம். எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு தரும் என்ற மலிவுச் சலுகையைப் பெரிய குடும்பம் தொடாமலிருப்பது மேல். ஆளுக்கொரு தளத்தில் போட்டுவிட்டால் மாற்றிக் கேட்க வழி இராது.

சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல்கட்டில் பாட்டிக்கும் ஆகாது, சின்னப் பிள்ளைக்கும் ஆகாது. கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது. புக்கெட் பக்கம் அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கூடும். மின்தூக்கிக்கு அருகில் அறை கேளுங்கள், ஆனால் அதன் வாசலிலேயே வேண்டாம். நீச்சல் குளத்துக்கோ நடன அரங்குக்கோ நேர் கீழே என்றால் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் தூக்கம் போகும். சக்கர நாற்காலி உள்ளே போகும் அகலக் கதவு அறைகள் ஒரு கப்பலில் சிலவே, அவை சீக்கிரம் தீரும்.

பால்கனி விவகாரம் பணத்தைவிட மனதைத் தொடுகிறது. பட்டணத்து அண்ணனுக்குப் பால்கனி, தோட்டத்துத் தம்பிக்கு ஜன்னலில்லாத உள்ளறை என்றால், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலிக்கு நடப்பது இங்கும் நடக்கும். எல்லோருக்கும் ஒரே வகை அறை எடுக்க முடியாவிட்டால், பால்கனியைப் பாட்டியின் அறைக்குக் கொடுத்துவிடலாம். சாயங்காலம் எல்லோரும் அங்கே கூடுவார்கள், யாருக்கும் குறை இராது. ஆளுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் தனியே வரும். அதையும் முதலிலேயே பட்டியலில் எழுத வேண்டும். பதிவுகள் தனித்தனி என்றால், உணவு மேசை ஒன்றாக அமைய அவற்றை இணைக்கச் சொல்ல வேண்டும். சாமி கும்பிடச் சூடமும் ஊதுபத்தியும் கொண்டுபோகக் கூடாது, சோற்றுப் பானையும் கூடாது. தீ அபாயம்தான் காரணம்.

கடைசியாக, அறை எண்ணோடு சேர்ந்து வருவது கூடுமிடம். அவசரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பது அறை அட்டையில் அச்சாகியிருக்கும். ஒரே குடும்பமானாலும் தளம் மாறினால் இடமும் மாறலாம். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் ‘கோஸ்தா கொன்கோர்டியா’ கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று உலக விதி இறுகியது. அந்தப் பயிற்சியைச் சாப்பாட்டுக்காகத் தவிர்ப்பவர்கள் உண்டு. பாட்டியின் கையை யார் பிடிப்பது, எட்டு மாதக் குழந்தையை யார் தூக்குவது, நான்கு வயதுப் பிள்ளை விளையாட்டு அறையில் இருந்தால் யார் போவது என்று பெயர் சொல்லி முடிவு செய்து, அந்தத் தாளை ஐந்து அறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டிவிட வேண்டும்.