திண்ணைக்கு வந்த பெட்டி

டிவி பெட்டிக்குள் கைவிட்டுப் பிழைத்தவன் நான். புதுச்சேரியின் கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் கடை வைத்திருந்தேன். பின்மூடியைக் கழற்றியதுமே அந்தப் பெட்டி வீட்டுக்குள் இருந்ததா, திண்ணையில் இருந்ததா என்று சொல்லிவிடுவேன். உள்ளே இருந்த பெட்டியில் தூசு சாம்பல் நிறத்தில் மெல்லப் படிந்திருக்கும், ஊதினால் பறந்துவிடும். திண்ணைப் பெட்டியில் அது கறுத்துப் பிசுபிசுத்து, சுரண்டினால்தான் வரும். காற்றுத் துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஸ்பீக்கர் மூலையில் பல்லி முட்டை. ட்யூனரின் தொடுமுனைகளில் பச்சை பூத்திருக்கும். கடல் இங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். உப்புக்காற்றுக்கு அது ஒரு தூரமே இல்லை.

அந்தக் காலத்தில் வெளியில் வைப்பதற்கென்று எந்தக் கம்பெனியும் டிவி செய்யவில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள், தூசு அண்டவிடாதீர்கள் என்றுதான் போட்டிருக்கும். வாங்கியவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே மாலையானால் பெட்டியைத் திண்ணைப் பக்கம் கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோபுரங்களையும் செயற்கைக்கோள்களையும் பற்றி எழுதுகிறார்கள். பெட்டி எங்கே வைக்கப்பட்டிருந்தது, யார் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் டிவி தனிவீட்டுப் பொருளாகப் பிறக்கவில்லை. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியபோது, பார்வையாளர் மன்றங்களில் வைத்த பொதுப் பெட்டிகளில்தான் மக்கள் பார்த்தார்கள். 1967 ஜனவரி 26இல் ஆரம்பித்த உழவர் நிகழ்ச்சிக்காக டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களில் பெட்டிகளை வைத்தார்கள். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போயின. பள்ளிக்கூடங்களிலும் பஞ்சாயத்துக் கட்டடங்களிலும் கூடிப் பார்த்தார்கள். அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை, புதுச்சேரியும் இல்லை. பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சாயத்து டிவி வந்தது. சின்னதாக ஒரு சிமெண்டு அறை, இரும்புக் கதவு, பூட்டு, சாவி வைத்திருக்க ஓர் ஆள். ஜனங்கள் வெளியே மண்ணில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் ஊரில் அந்த வேலையைத் திண்ணைகள் செய்தன.

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கு அலை ஒழுங்காக வந்து சேராது. மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, ஆள் உயரத்தைத் தாண்டும் கம்பிகளைக் கொண்ட ஆண்டெனாவை அதில் ஏற்றி, வடக்கே சென்னையைப் பார்த்துத் திருப்ப வேண்டும். பூஸ்டர் போட வேண்டும். அப்போதும் படத்தில் பாதி புள்ளிதான். ஒருவர் மாடியில் குழாயைப் பிடித்துத் திருக, தெருவில் நிற்பவர் “போதும், போதும்... போயிடுச்சு, திரும்பு” என்று கத்துவார். பெட்டி திண்ணையில் இருந்ததால் அந்தச் சத்தத்துக்குத் தெருவே கூடிவிடும்.

1982இல் கலர் ஒளிபரப்பும் அந்த ஆண்டு நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டும் வந்தபின் பெட்டி வாங்குகிறவர்கள் பெருகினார்கள். 1983 ஆகஸ்டு 30இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டில் நாடெங்கும் சிறிய ஒளிபரப்பிகளை அடுக்கடுக்காக நட்டார்கள். மில் வேலைக்காரர்களும் அரசு ஊழியர்களும் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களும் இருந்த ஊர் இது. சென்னையில் தயாரான சாலிடேரும் டயனோராவும் எங்கள் தெருக்களுக்கு வந்தன. டிவிக்கு அப்போது தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில்தான் அது போயிற்று. லைசென்ஸ் கட்டியது ஒரு வீடு, பார்த்தது இருபது வீடு.

இங்கே திண்ணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரித் தமிழ் வீட்டின் முகப்பில் இரண்டு அடுக்கு உண்டு. தெருவை ஒட்டி மரத்தூண்களில் நிற்கும் ஓட்டுச் சாய்ப்பு, அது தாழ்வாரம். வழிப்போக்கருக்கு நிழல் தருவது. அதற்கு உள்ளே, சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடை திண்ணை. வைசியாள் வீதி என்று நாங்கள் சொல்லும் கால்வே சுப்பராய செட்டி வீதியில் பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீர்செய்த வீட்டு வரிசையை இன்றும் பார்க்கலாம். அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. கதிர்காமம் அப்படிப்பட்ட செட்டித் தெரு இல்லை. உழவர்கரையைச் சேர்ந்த கிராமமாக இருந்து நகரமான இடம். எங்கள் திண்ணைகள் குறுகல், ஓடும் நாட்டு ஓடு. ஆனால் அளவு பொருத்தமாக இருந்தது. திண்ணை இடுப்புயரம், அதன் பின்சுவரை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுப் பெட்டியை வைத்தால், தெருவில் உட்கார்ந்தவன் கண்ணுக்கும் நின்றவன் கண்ணுக்கும் படம் தெரியும். சாய்ப்பு இறங்கி வருவதால் மேலே இருந்து வெயில் விழாது. டிவிக்காகக் கட்டியது போலவே இருக்கும்.

பெட்டியைக் கொண்டுவர இரண்டு வழி இருந்தது. மரத்தில் இழுப்புக் கதவும் பூட்டும் வைத்த பெட்டிகளைச் சிலர் திண்ணையிலேயே நிரந்தரமாக விட்டார்கள். மற்றவர்கள் நடையில் சக்கர ஸ்டாண்டில் வைத்து, ஆறு மணிக்கு வாசல் பக்கம் திருப்புவார்கள். கறுப்பு வெள்ளை வரை இதில் சிக்கல் இல்லை. கலர் பெட்டி வந்ததும் புதிய வில்லங்கம் ஒன்று கூடவே வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கலர் டிவியை அறைப்பக்கமிருந்து தெருப்பக்கம் திருப்பினால், ஒரு மூலை பச்சையடிக்கும், இன்னொரு மூலை ஊதாவாகும். நடிகையின் முகம் பாதி வேறு நிறம். பெட்டி கெட்டுவிட்டது என்று பதறி ஆளனுப்புவார்கள். கெடவில்லை. பிக்சர் டியூபுக்குள் மூன்று எலெக்ட்ரான் கற்றைகள் மிக நுணுக்கமான துளைத்தகட்டின் வழியாகத் தத்தம் நிறப்புள்ளியில் போய் விழ வேண்டும். பூமியின் காந்தப்புலமே அவற்றைச் சிறிது வளைக்கும். பெட்டி திசை மாறினால் வளைவும் மாறும், கற்றை பக்கத்து நிறத்தில் போய் விழும். உள்ளே காந்தநீக்கச் சுருள் உண்டு, ஆனால் அது ஆறின பெட்டியை ஆன் செய்யும் கணத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் சொல்வேன்: “அணைச்சிட்டுத் திருப்புங்க, அரை மணி ஆறவிட்டுப் போடுங்க.” அதற்கும் போகாத கறைக்குக் கைச்சுருள் ஒன்று வைத்திருந்தேன். திரைக்கு முன்னால் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்து நகர்ந்து தெருவுக்கே வந்துவிடுவேன். கறை கரைவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு என் தொழில்மேல் பெருமை வந்த நிமிஷங்கள் அவை.

பகல் வெளிச்சம் இன்னொரு பகை. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி, ஞாயிறு சாயங்காலப் படம் எல்லாம் பொழுது சாய்ந்தபின் என்பதால் திண்ணைக்கு ஏற்றவை. இராமாயணம் வந்ததும் நிலைமை மாறியது. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறு காலை ஒன்பதரை மணி, நல்ல வெயில். கண்ணாடியில் எதிர்வீட்டுச் சுவர் தெரியும், இராமன் தெரியமாட்டான். தாழ்வாரத் தூண்களுக்கு நடுவே கீற்றுத் தட்டி கட்டினார்கள். தட்டி இல்லாதவர்கள் ஈரச்சாக்கையும் பழைய வேட்டியையும் தொங்கவிட்டார்கள். இந்தி யாருக்கும் புரியவில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். கிழவிகள் அடுத்து வரப்போகும் காட்சியை முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்.

கூடிப் பார்த்தது உண்மை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்று சொன்னால் அது பொய். திண்ணைமேல் வீட்டு ஆண்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும். வாசற்படிக்கு உள்ளே, நடை இருட்டில் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பெட்டி பக்கவாட்டில்தான் தெரியும். தெருவில் பாய் போட்டவர்கள் அக்கம்பக்கம். அதற்கும் பின்னால், விளக்குக் கம்பத்துக்கு அப்பால் நின்றவர்கள் காலனி ஆட்கள். நில் என்று யாரும் சொன்னதில்லை, உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. படம் முடியும் வரை கையில் குழந்தையோடு நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலம் ஒளிபரப்பான 1984 நவம்பர் 3 அன்று அந்தக் கூட்டம் முன்னுக்கு வந்தது. எல்லோரும் அழுதார்கள், யாரும் யாரையும் தள்ளிப் போகச் சொல்லவில்லை. மறுநாள் பழையபடி. இதை விட்டுவிட்டுத் திண்ணையைப் புகழ எனக்கு மனம் வராது.

இந்த ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சொல்தா என்று நாங்கள் சொல்லும் பிரெஞ்சுப் படைவீரர் வீட்டார் பிரான்சிலிருந்து வரும்போது டிவி கொண்டுவருவார்கள். அழகான பெட்டி, பெரிய கண்ணாடி. திண்ணையில் வைத்து ஆன் செய்தால் படம் போட்டோ நெகட்டிவ் மாதிரி வரும். வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாக. சத்தம் வராது. இந்தியா அப்போது பால் முறையில் ஒளிபரப்பியது. பிரான்சில் இருந்தது செகாம் முறை. நிறத்தை அனுப்பும் விதம் வேறு. படத்தை அலையில் ஏற்றும் விதம் நமக்கு நேர் எதிர். ஒலியும் அங்கே ஏ.எம்., இங்கே எஃப்.எம். அப்படிப்பட்ட ஒரு பெட்டிக்கு உள்ளூர் ட்யூனரையும் ஐ.எஃப். போர்டையும் பொருத்தினேன். படம் நேரானது, சத்தம் வந்தது, கலர் மட்டும் வரவில்லை. “பரவாயில்ல தம்பி, தெருவுல எல்லாரும் கறுப்பு வெள்ளைதானே பார்க்கிறாங்க” என்றார் அந்த வீட்டுப் பெரியவர். அந்தப் பெட்டி பல ஆண்டு அங்கே ஓடியது.

ஐப்பசி, கார்த்திகைதான் எங்களுக்கு அறுவடைக் காலம். பிக்சர் டியூபுக்குக் கறுப்பு வெள்ளையில் 15,000 வோல்ட்டுக்கு மேல், கலரில் 20,000க்கு மேல் தேவை. அந்த அழுத்தம் தூசைத் தானாக இழுத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் அந்தத் தூசில் சேர்ந்தால் அதுவே மின்சாரம் கசியும் பாதை. பின்பக்கம் “உஸ்ஸ்” என்று சீறும், இருட்டில் நீலமாகப் பூக்கும், ஒரு வாசனை வரும். அதற்குமேல் விட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சரிசெய்யும் செலவு சின்னதல்ல. அதனால் மழைக்காலத்தில், பெட்டி அணைந்திருக்கும் நேரமெல்லாம் மரக்கூட்டுக்குள் கீழ்மூலையில் ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிடச் சொல்வோம். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. பல்லியும் அந்தச் சூட்டைத் தேடி வரும். அதற்குக் கொசுவலைத் துணியைத் துளைகளில் ஒட்டினோம்.

இத்தனை செலவையும் ஏற்றுக்கொண்டு பெட்டியை வெளியே வைத்தவர்கள் ஏன் ஒருநாள் உள்ளே எடுத்துப் போனார்கள்? எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கும் தெரியும். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்தது, கேபிள் வீட்டுக்கு வீடு போயிற்று, பெட்டி விலை இறங்கியது. 2006 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது; எல்லை தாண்டினால் விழுப்புரம் மாவட்டம், அந்தக் கிராமங்களின் 14 அங்குலப் பெட்டிகள் என் கடைக்கும் வந்தன. சொந்தப் பெட்டி உள்ளவன் பிறர் வாசலில் ஏன் உட்காரப் போகிறான். இது சரிதான். ஆனால் எங்கள் தெருவில் பெட்டி உள்ளே போனது அதற்கும் முன்னால். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. இடுப்புயரத் திண்ணை முழங்காலுக்கு வந்தது, பிறகு கணுக்காலுக்கு. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வர, திண்ணையை இடித்துத் தரையை உயர்த்தினார்கள். மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் வேண்டியிருந்தது, இரும்பு கிரில் வந்தது. உட்கார இடம் போனபின்தான் கூட்டம் போனது. திண்ணை அப்படியே நின்ற இரண்டு மூன்று வீடுகளில், ஆளுக்கொரு பெட்டி வந்தபின்பும் கிரிக்கெட்டுக்குத் தெரு கூடத்தான் செய்தது. 1998 உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரான்ஸ் ஜெயித்தபோது நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிவிட்டது. சொல்தா வீட்டு வாசலில் விடியும்வரை ஆள் இருந்தது.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் எங்களுக்கும் கடலூருக்கும் இடையே கரை ஏறியது. ஓடு பறந்த வீடுகளிலிருந்து நனைந்த பெட்டிகள் கடைக்கு வந்தபடி இருந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் வைத்துக் காயவைத்து அடுக்கிவைத்தோம். கரண்டு வந்தபின் போட்டுப் பார்த்ததில் பிழைத்தவற்றில் கணிசமானவை பழைய திண்ணைப் பெட்டிகள்; தொடுமுனைகளை அடிக்கடி சுத்தம் செய்து, இணைப்புகளுக்குப் புதிதாக ஈயம் வைத்து வைத்து அவை உறுதிப்பட்டிருந்தன.

இப்போது மறுபடியும் கேட்டு வருகிறார்கள். போர்ட்டிகோவில், மாடிக் கூரைக்கொட்டகையில், தங்கும் விடுதி முற்றத்தில் எல்.இ.டி. மாட்ட வேண்டுமாம். வெளியிடத்துக்கென்றே தூசையும் தண்ணீரையும் தாங்கும் டிவிகள் இன்று உண்டு; ஐ.பி. 55 என்று தரம் போட்டிருக்கும், விலை பல மடங்கு. சாதாரண வீட்டு டிவியின் வெளிச்சம் 250, 300 நிட்ஸ் அளவுதான். வெயிலைத் தாங்கும் பெட்டிகளுக்கு ஆயிரத்துக்கு மேல். கூரைக்குக் கீழே, நிழலில், வீட்டு டிவியே போதும் என்றுதான் நான் சொல்கிறேன். சாரல் எட்டும் ஓரத்தை விட்டுப் பின்சுவரில் மாட்டுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் சுவர் வேண்டாம். சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளேயே வேர்க்கும், பருத்தித் துணி போடுங்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். கார்த்திகை மாதத்தில் பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். இந்தப் பெட்டிக்குள் பல்பு வைக்க இடமில்லை, அதன் சொந்தச் சூட்டில்தான் அது காய வேண்டும்.