இரப்பர் மறுபிறவி எடுத்த கதை



"இரப்பர் எதிலிருந்து கிடைக்கிறது?" என்று கிள்ளானில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் வினவினேன். "தொழிற்சாலையிலிருந்து, ஐயா!" என்றனர். அவர்களுள் பலருடைய பாட்டிமார் காண்டா வாளி சுமந்தவர்கள். அந்த விடை என்னை உறுத்தியதால் இதனை எழுதுகிறேன்.

எப்பொருளும் பிறக்கிறது, வளர்கிறது, போட்டி வந்ததும் தளர்கிறது. காலமறிந்து புதுப்பித்தால் மீண்டும் எழுகிறது. நம் நாட்டு இரப்பரே இதற்குத் தக்க சான்று.

1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1890களில் ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்குத் தேவை கூடவே, சிலாங்கூரெங்கும் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். 1925இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் அமைந்தது.

1942இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். இரப்பர் கிடைக்காத அமெரிக்கா, செயற்கை இரப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. போர் முடிந்த பின்னரும் அப்போட்டி ஓயவில்லை. செயற்கை இரப்பர் சோதனைக்கூடத் தரக்குறிப்புடன் சிறு கட்டிகளாக விற்பனைக்கு வந்தது. நம் இரப்பரோ, புகையூட்டிய ஷீட்டுகளாகக் கண்பார்வையால் தரம் பிரிக்கப்பட்டு, 100 கிலோவுக்கு மேற்பட்ட பெரும்பொதிகளாகச் சென்றது.

இந்நிலையை மாற்ற ஆராய்ச்சியாளர் கண்ட வழிகளுள் ஒன்று வியப்பானது. உறைந்த பாலில் சிறிதளவு ஆமணக்கெண்ணெய் சேர்த்து உருளைகளுக்கிடையே செலுத்தினால், இரப்பர் பொடிப்பொடியாக உதிரும். புகைக்கூடத்தில் பல நாள் காய வேண்டியது சில மணி நேரத்தில் காய்ந்தது. அதனை அழுத்தி 33.3 கிலோ கட்டிகளாக்கினர். அழுக்கும் சாம்பலும் எவ்வளவு என்று சோதனைக்கூடத்தில் அளந்தனர். 1965இல் மலேசியத் தர இரப்பர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மங்கில் உறைந்த கட்டிப்பாலும் தரமுள்ள சரக்காயிற்று. பிற இரப்பர் நாடுகளும் இவ்வழியைப் பின்பற்றின.

ஆயினும் அம்மறுபிறவியும் நிலைக்கவில்லை. 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனை, பிற்காலத்தில் பால்மரக் காடுகளை விழுங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எஞ்சிய தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் மறைந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன, சில மூடப்பட்டன. தளர்ந்த பொருளுக்கு மறுவாழ்வு தேடிய அக்கறை, மரம் வெட்டிய கைகளுக்கு அதே அளவில் கிட்டவில்லை என்பதே என் மனக்குறை.

பெற்றோர்களே, இவ்வாரம் பாட்டியின் அருகில் பிள்ளையை அமர்த்துங்கள். உளி, மங்கு, பெரட்டு, நிரை, கோட்டுப்பால் ஆகிய சொற்களின் பொருளை அவரிடமே கேட்டு எழுதச் சொல்லுங்கள். அச்சொற்களை அறிந்தோர் நம்மிடையே நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.