இறப்பர் பாலும் ஹீரோ பேனையும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

நான் பழைய மைப்பேனை சேர்ப்பது பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் தொடங்கிய பழக்கம். வந்து சேர்ந்த பேனைகளில் அநேகமானவை அரநாயக்க, ஹெம்மாதகம, மாவனல்லைப் பக்கத்து வீடுகளில் பிஸ்கட் டின்னுக்குள்ளும் தையல் மெஷின் லாச்சிக்குள்ளும் கிடந்தவை. போன விடுமுறையில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் சீனத்து ஹீரோ. இங்கிலாந்தில் செய்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

யோசித்துப் பாருங்கள். நூற்றைம்பது வருடத்துக்குக் கிட்ட வெள்ளைக்காரன் ஆண்ட நாடு. தோட்டத்துக் கந்தோரும் அவனுடையது, பாடசாலைப் புத்தகமும் அவனுடையது. அப்படியிருக்க எங்கள் மூத்தவாப்பாமாரின் சட்டைப் பையில் ஷாங்காய் பேனை எப்படி வந்தது? இதற்குப் பதில் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இறப்பர் மலையிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

முதலில் பேனை எதனால் ஆனது என்று பார்ப்போம். இன்றைக்குப் பேனை என்றால் பிளாஸ்டிக். 1920கள் வரை மைப்பேனையின் உடல் பெரும்பாலும் இறப்பர்தான். அழிறப்பர் போல மெதுமையானது அல்ல. இறப்பரோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் மாட்டுக்கொம்பு மாதிரி இறுகிவிடும். கடைசல் பிடிக்கலாம், மினுக்கலாம், மை அதை அரிக்காது. இதற்குப் பெயர் எபனைட். அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் 1851இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். டயர் கம்பனிப் பெயரில் கேள்விப்படுகிறோமே சார்ள்ஸ் குட்இயர், அவருடைய சகோதரர்தான் இவர். 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் மை ஒரேயடியாகக் கொட்டாமல் அளவாக இறங்கும் பேனைக்குக் காப்புரிமை பெற்றபோது, அவருடைய பேனைகளும் எபனைட்தான். பழைய எபனைட் பேனையைக் கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை இலேசாக வரும்.

இறப்பர் மரம் எங்கள் மண்ணுக்குச் சொந்தமானது அல்ல. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதையில் முளைத்த கன்றுகள் 1876இல் கம்பஹா ஹெனரத்கொடவில் நடப்பட்டன. மோட்டார் காரும் டயரும் வந்த பிறகு, 1900க்குப் பின்னால், களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மலைகள் இறப்பர் மரத்தால் நிறைந்தன. நட்டது டயருக்காகத்தான். ஆனால் உலகச் சந்தைக்குப் போன தோட்ட இறப்பரில் ஒரு சிறு பங்கு பேனைத் தொழிலுக்கும் போனது. 1924இல் ஷீஃபர் கம்பனி செலுலாய்டில் நிறம் நிறமாகப் பேனை செய்யத் தொடங்கியதும் வெளியுடம்பு மாறியது. உள்ளே மை தங்கும் பை இன்னும் பல வருடங்களுக்கு இறப்பராகவே இருந்தது.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்காக ஒரு செய்தி. பார்க்கர் பேனையைத் தொடங்கிய ஜோர்ஜ் பார்க்கர் ஒரு வாத்தியார். அமெரிக்காவில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் தந்தி படிப்பித்தவர். சம்பளம் போதாமல் மாணவர்களுக்கு வேறொரு கம்பனியின் பேனையை விற்றார். அவை ஒழுகின. விற்றவர் என்பதால் திருத்திக் கொடுப்பதும் அவர் தலையில் விழுந்தது. திருத்தித் திருத்தியே நுட்பம் பிடிபட்டு, 1888இல் சொந்தமாகக் கம்பனி தொடங்கினார். சம்பளம் போதாத ஆசிரியர் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள், அதிபர் கோபிக்க வேண்டாம்!

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட பாத்திமியக் கலீபா அல்-முயிஸ், மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதாமல் மை உள்ளேயே இருக்கும் பேனை வேண்டும், சட்டைக் கைக்குள் தலைகீழாக வைத்தாலும் கறை படக்கூடாது என்று கேட்டிருக்கிறார். சில நாட்களில் தங்கத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அவருடைய நீதிபதி அல்-நுஃமான் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பேனை இன்று இல்லை. உள்ளே என்ன பொறி இருந்தது என்ற விபரமும் இல்லை. ஆகவே "பேனையைக் கண்டுபிடித்தது நாங்கள்தான்" என்று பகிரப்படும் பதிவுகளைப் பார்த்துத் துள்ள வேண்டாம். அப்படியொரு தேவையை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் என்று சொல்லலாம், அதுவே பெரிய விடயம்.

சரி, ஹீரோவுக்கு வருவோம்.

1952இல் இலங்கைக்கு இரண்டு பக்கமும் இடி. கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை சரிந்தது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. சீனாவுக்கு இறப்பர் தேவை. ஆனால் சீனாவுக்கு இறப்பர் போன்ற பொருட்களை விற்கக்கூடாது என்று 1951இல் ஐக்கிய நாடுகள் சபை தடை போட்டிருந்தது. இலங்கை அந்தச் சபையில் சேர்ந்தது 1955இல்தான், அதனால் அந்தத் தடை எங்களைக் கட்டவில்லை. அமெரிக்கா சும்மா இருக்கவில்லை. இறப்பர் இலையில் வரும் நோய்க்குத் தூவுகிற கந்தகத்தை அனுப்ப மறுத்தது. உதவியையும் நிறுத்தியது. அப்படியிருந்தும் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்க பீக்கிங் போய் 1952 டிசம்பர் 18இல் கையொப்பமிட்டார். வருடத்துக்கு 50,000 மெட்ரிக் தொன் இறப்பர் இங்கிருந்து போகும், 270,000 மெட்ரிக் தொன் அரிசி அங்கிருந்து வரும். ஐந்து வருடத்துக்கு. இறப்பருக்குச் சீனா சந்தை விலையை விடக் கூடுதலாகவே கொடுத்தது. இத்தனைக்கும் அப்போது இரண்டு நாட்டுக்கும் இடையில் இராஜதந்திர உறவே இல்லை, அது 1957இல்தான் வந்தது. கம்யூனிஸ்ட் என்றாலே ஆகாத யூ.என்.பி. அரசாங்கம் செய்த ஒப்பந்தம் இது. பசி கட்சி பார்க்காது.

ஒப்பந்தம் அரிசிக்கும் இறப்பருக்கும்தான். ஆனால் கப்பல் போக்குவரத்தும் கொடுக்கல் வாங்கலும் பழகிவிட்டால் மற்றச் சாமான்களும் பின்னால் வரும். விடியப்புறம் லாந்தரோடு மலையேறி இந்தப் பகுதியில் பால் வெட்டிய தொழிலாளர்களின் உழைப்பு, சீட் அடித்துப் புகை போட்டு, கொழும்புத் துறைமுகம் வழியாகச் சீனா போனது. அந்த வழி திறந்திருந்ததால்தான் ஷாங்காய் பேனை கேகாலைக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தது என்பது என் கணிப்பு.

அங்கே ஷாங்காயில் 1931இல் தொடங்கிய ஒரு பேனைத் தொழிற்சாலை 1958இல் "பார்க்கரைப் பிடிப்போம்" என்று சபதம் போட்டது. ஹீரோ என்ற பெயர் உலகமெல்லாம் போனது அதற்குப் பிறகுதான். அவர்கள் பிடிக்க நினைத்தது 1941இல் வந்த பார்க்கர் 51ஐ. 1945இல் ஜெர்மனி சரணடைந்தபோது ஜெனரல் ஐசன்ஹோவர் கையில் இருந்த பேனை வகை அது. மை காயாமல் இருக்க நிப்பை மூடி, நுனி மட்டும் வெளியே தெரியும்படி செய்திருப்பார்கள். ஹீரோ 616ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கொப்பியடித்தது என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்க்கர் வாங்க வசதியில்லாத கணக்கப்பிள்ளைக்கும் லெப்பைக்கும் வாத்தியாருக்கும் நல்ல எழுத்தைக் கொடுத்த பேனை அது.

இந்தியா வேறு வழியில் போனது. ஆந்திராவில் ராஜமுந்திரிக்காரர் கே. வி. ரத்னம் செய்த எபனைட் பேனை, தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா மூலம் காந்தியின் கைக்குப் போய், 1935இல் காந்தி பாராட்டிக் கடிதம் எழுதினார். சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இன்றைக்கும் எபனைட்டைக் கையால் கடைந்து பேனை செய்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் ஓடர் கொடுத்துக் காத்திருந்து வாங்குகிறார்கள். மரமும் பாலும் நம்மிடம். பேனை மட்டும் நாம் செய்யவில்லை. சீட் விலை விழும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

1977க்குப் பிறகு கடை நிறைய குமிழ்முனைப் பேனை. மைப்பேனை லாச்சிக்குள் போனது.

உங்கள் வீட்டில் இருந்தால் சில வேலைகள் செய்யலாம். ஹீரோவின் நிப் பகுதியைப் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு வைத்து, மைப்பையைச் சுற்றியுள்ள உலோக உறையை அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். சுடுதண்ணீர் கூடாது. சித்திரம் கீறும் இந்தியன் இங்க் ஒருபோதும் ஊற்ற வேண்டாம், அடைத்துவிடும். எபனைட் பேனை என்றால் முழுதாக ஊறவைக்காதீர்கள், கறுப்பு மங்கி மண்ணிறமாகிவிடும். பக்கத்தில் நெம்புகோல் உள்ள பேனையில் அது அசையாவிட்டால் இழுக்க வேண்டாம். உள்ளே இறப்பர் பை கல்லாகியிருக்கும், நெம்புகோல் உடையும்.

பேனையை விட எனக்குக் கவலை கடிதங்கள். பார்க்கர் கம்பனி 1931இல் விற்கத் தொடங்கிய குயிங்க் மையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று நிலைப்பது, மற்றது சட்டையில் பட்டால் கழுவிப்போகும் நீலம். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வீடுகளுக்கும் கழுவும் நீலம் வசதி. அந்த மை ஈரத்திலும் வெயிலிலும் வெளிறிப் போகும். எங்கள் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். 80களில் குவைத்துக்கும் சவூதிக்கும் போன உம்மாமார் எழுதிய கடிதங்கள், அவற்றுக்கு இங்கிருந்து எழுதி நகல் வைத்த கொப்பிகள், அரபுத்தமிழில் எழுதிய பழைய குறிப்புகள் எல்லாம் அலுமாரிக்குள் மெல்ல மெல்ல வெள்ளைத்தாளாகிக்கொண்டிருக்கின்றன. 2016 மே 17இல் சாமசர மலை சரிந்தபோது எத்தனை வீட்டுக் கடுதாசி மண்ணுக்குள் போனதோ, அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. இருப்பதையாவது பகல் வெளிச்சத்தில் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கடிதத்தை லெமினேட் செய்யாதீர்கள், தயவுசெய்து.

என்னிடம் காசு கொடுத்து வாங்கும் வசதி இல்லை. எனவே விலை கேட்டு மெசேஜ் போட வேண்டாம். பேனையைக் கொண்டு வந்தால் கழுவி, மை போட்டு, எழுத வைத்துத் திருப்பித் தருகிறேன். பாடசாலை விட்ட பிறகு இரண்டு மணி போல வாருங்கள். பழைய கடிதம் இருந்தால் அதையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வாருங்கள், நான் வாசிக்க மாட்டேன், படம் மட்டும் எடுத்துத் தருகிறேன்.