செல்ஃப் மோட்டாரும் பெண்டிக்ஸும்

மோட்டார் வண்டியின் இன்ஜின் தானாக ஓடத் தொடங்காது. யாராவது முதலில் அதைச் சுற்றிவிட வேண்டும். சுற்றியபின்தான் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் போய், அழுந்தி, வெடிக்கும். இந்த முதல் சுற்றைக் கொடுப்பது செல்ஃப் மோட்டார். அதன் தண்டின் நுனியில் 9, 10 பற்கள் மட்டுமே கொண்ட பினியன் இருக்கிறது. எதிரே, இன்ஜினின் ஃப்ளைவீலைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பற்களோடு ரிங் கியர் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் ஓரிரு நொடிகள் கோத்து, இன்ஜின் ஓடியதும் பிரிந்துவிட வேண்டும். கோக்கும்போது அசையாமல் நிற்கும் கனமான சக்கரத்தின் மேல் சுழன்று வரும் சிறு சக்கரம் மோதுகிறது. அந்த அடியை எதன் தலையில் கட்டுவது என்ற கேள்விக்கு ஸ்பிரிங், ரப்பர், அடியே விழாமல் முதலில் கோத்துவிடுவது என்று ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விடை கிடைத்தது.

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் இந்த இணைப்புக்கு ஒரே பெயர்: பெண்டிக்ஸ். பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே உள்ள மாரண்டஹள்ளியிலும், காய்கறி லோடு ஏற்றும் வண்டியோ கரும்பு இழுக்கும் டிராக்டரோ “செல்ஃப் சுத்துது, இன்ஜின் சுத்தல” என்று வந்தால், எலக்ட்ரீசியனின் சந்தேகம் முதலில் பெண்டிக்ஸ் மேல்தான் விழும். அது ஓர் ஆளின் பெயர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

செல்ஃப் வருமுன் ஹேண்டில்தான். ரேடியேட்டருக்குக் கீழே உள்ள துளையில் வளைந்த இரும்புக் கம்பியைச் செருகி, கிராங்க் தண்டின் முனையில் மாட்டி, மேல்நோக்கி இழுப்பார்கள். பஸ்ஸிலும் லாரியிலும் இது கிளீனரின் வேலை. தீப்பொறி நேரத்துக்கு முந்திவிட்டால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். கட்டைவிரலால் பிடியைச் சுற்றிப் பிடித்திருந்தால் விரலோ மணிக்கட்டோ முறிந்துவிடும். ஆகவே கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கிணற்றடியில் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜின்களுக்கும் ஹேண்டில்தான். ஆனால் அவற்றில் வால்வைத் திறந்து வைக்கும் ஒரு லீவர் உண்டு. அழுத்தம் இல்லாமல் ஃப்ளைவீலை வேகமாகச் சுற்றிவிட்டு லீவரை விட்டால், சக்கரத்தில் சேர்ந்த வேகமே முதல் அழுத்தத்தைத் தாண்டிக் கொண்டுபோகும். பெரிய ஃப்ளைவீல் இருந்ததால் அங்கே மின்மோட்டாரும் வேண்டியிருக்கவில்லை, பற்களின் தொல்லையும் இல்லை.

ஹேண்டிலை ஒழிக்க வழி கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். வழியில் நின்றுபோன காருக்கு ஹேண்டில் போட்ட பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர், அது திருப்பி உதைத்த காயத்தால் 1908-ல் இறந்ததுதான் காடிலாக் நிறுவனத்தை இந்த வழிக்குத் தள்ளியது என்று சொல்லப்படுவதுண்டு. கெட்டரிங் முன்பு கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கல்லாப்பெட்டி நாள் முழுக்கச் சுழல வேண்டியதில்லை. ஒரு நொடி பலமாக இழுத்தால் போதும். காருக்கும் அதே கணக்குதான். சில நொடிகளுக்கு மட்டும் அளவுக்கு மீறிய மின்சாரம் கொடுத்தால் சிறிய மோட்டாரும் பெரிய இன்ஜினைச் சுற்றிவிடும். 1912 மாடல் காடிலாக் இந்த மோட்டாரோடு வந்தது. ஆனால் அதில் பற்சக்கரங்களைக் கோக்கும் வேலை ஓட்டுநரின் காலுக்கே விடப்பட்டிருந்தது. மிதியை மிதித்து நகர்த்தி மாட்ட வேண்டும்.

கால் செய்த வேலையை இயந்திரத்துக்கே மாற்றியவர் வின்சென்ட் பெண்டிக்ஸ். 1881-ல் இல்லினாய் மாநிலத்து மோலின் நகரில் பிறந்தவர். சொந்தமாக வண்டி செய்து விற்கும் கம்பெனி நடத்தி நஷ்டப்பட்டவர். அவருடைய இணைப்பை நியூயார்க் மாநிலம் எல்மைராவில் இருந்த எக்லிப்ஸ் மெஷின் கம்பெனி தயாரித்தது. 1914-ல் செவர்லே கார்களில் ஏறியது. 1919 முதல் ஃபோர்டின் டி மாடலுக்கு மின் ஸ்டார்ட்டர் வந்தபோது அதிலும் இதுவே இருந்தது.

அதன் தந்திரம் மிக எளிது. நீண்ட மரையுள்ள போல்ட் ஒன்றில் தளர்வாக நட்டு மாட்டி, போல்ட்டைச் சட்டென்று சுழற்றினால், நட்டு கூடவே சுழலாது. தன் கனத்தால் பின்தங்கி, மரை வழியே முன்னால் நகரும். பெண்டிக்ஸின் நட்டுதான் பினியன். மோட்டார் தண்டின் மேல் அகலமான மரை வெட்டிய குழல் இருக்கும். அதன்மேல் பினியன் தளர்வாக உட்கார்ந்திருக்கும். பினியனின் ஒரு பக்கத்தில் வேண்டுமென்றே கூடுதல் கனம் வைத்திருப்பார்கள். ஸ்விட்சை அழுத்தியதும் தண்டு துள்ளிச் சுழல்கிறது. பினியன் பின்தங்கி நகர்ந்து ரிங் கியருக்குள் நுழைகிறது. மரையின் முடிவில் உள்ள தடையில் முட்டியபின் அதற்கு மேலே போக வழியில்லை. அங்கிருந்து தண்டோடு சேர்ந்து சுழன்று ஃப்ளைவீலை இழுக்கிறது. இன்ஜின் ஓடியதும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது ஃப்ளைவீல் பினியனைத் தண்டைவிட வேகமாகச் சுழற்றுவதால், பினியன் அதே மரையில் பின்னோக்கி ஏறி வெளியே வந்துவிடும். கோப்பதற்கும் பிரிப்பதற்கும் தனி லீவரோ மின்காந்தமோ கிடையாது.

பிரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்கே சொல்லும். ரிங் கியரில் 120 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 12. இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் மெதுவாக ஓடும்போதே மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் 9,600 சுற்று சுழல வேண்டியிருக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கம்பிச்சுற்றுகள் பிய்ந்து தெறிக்கும்.

மோதலின் அடி விழும் இடம் அந்தத் தடைதான். வேகமெடுத்துவிட்ட ஆர்மேச்சர், நகராத ஃப்ளைவீலோடு ஒரே கணத்தில் பிணைக்கப்படுகிறது. இடையில் எதுவும் இல்லாவிட்டால் பல் உடையும், அல்லது தண்டு முறுக்கேறும். இதற்காகத்தான் மரைக்குழலை நேராகத் தண்டில் பூட்டாமல் நடுவே தடித்த ஸ்பிரிங் ஒன்றை வைத்தார் பெண்டிக்ஸ். ஸ்பிரிங்கின் ஒரு முனை தண்டோடும் மறுமுனை குழலோடும் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். அடி விழும்போது ஸ்பிரிங் முதலில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு நிறைந்த பிறகே முழு இழுவையும் ஃப்ளைவீலுக்குப் போகும். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் இதையே சற்று மாற்றிச் செய்தது. அங்கே குழல் தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். முட்டும்போது அது பின்வாங்கி ஒரு பெரிய ஸ்பிரிங்கை அமுக்கும். கூடவே மெல்லிய இன்னொரு ஸ்பிரிங்கும் உண்டு: வண்டி குலுங்கும்போது பினியன் தானே நகர்ந்துபோய், ஓடிக்கொண்டிருக்கும் ரிங் கியரை உரசாமல் அது தடுத்து நிறுத்தும்.

இந்த இயந்திரங்கள் தமிழ்நாட்டுக்கு முதலில் வந்தது இறக்குமதி வண்டிகளோடு. மதுரையில் 1911-ல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனமும், கோயம்புத்தூர்ப் பக்கம் 1920-ல் பொள்ளாச்சி–பழனி வழியில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலில் இறங்கிய ஜி.டி.நாயுடுவும் பஸ் போக்குவரத்தை வளர்த்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது டி.வி.எஸ். நிறுவனம் கரி வாயு அடுப்புகளைச் செய்து பஸ்களில் பூட்டியது. கரி வாயுவில் இன்ஜின் எளிதில் பிடிக்காது. அடுப்பு சூடேறி நல்ல வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். பேட்டரியும் செல்ஃபும் இருந்தாலும் ஹேண்டிலைத் தூர எறிய முடியவில்லை.

போருக்குப் பிறகு வந்த ஜீப் பெண்டிக்ஸைக் கிராமங்கள் வரை கொண்டுபோனது. காலால் அழுத்தும் ஸ்விட்ச், தண்டின் நுனியில் பெண்டிக்ஸ், முன்னே ஹேண்டில் துளை: மூன்றும் ஒரே வண்டியில் இருந்தன. பி.எம்.சி. நிறுவனத்தின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் பூட்டிய அம்பாசிடரும், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் லூகாஸ் வகையைச் சேர்ந்தவை. அதே 1961-ல் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் கூட்டாகத் தொடங்கிய லூகாஸ்–டி.வி.எஸ்., சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த பாகம் தமிழ்நாட்டிலேயே செய்யப்படும் பொருளாயிற்று.

பெண்டிக்ஸின் எதிரி தூசி. மரைக்குழலில் எண்ணெய் ஊற்றினால் நல்லது என்று தோன்றும். உண்மையில் அதுவே கெடுதல். கிளட்ச் தூளும் சாலைப் புழுதியும் எண்ணெயில் ஒட்டிப் பசையாகி, பினியன் நகராமல் நின்றுவிடும். மோட்டார் வீணாகச் சுழலும் ‘கிர்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உலர்ந்தபடி மாட்டுவதே முறை. இன்னொரு கோளாறு, பினியன் பல்லுக்குள் சிக்கி வெளிவராமல் போவது. அப்போது வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். சில லூகாஸ் மோட்டார்களின் பின்முனையில் தண்டைச் சதுரமாக வெட்டி வைத்திருந்ததே, ஸ்பேனர் போட்டுத் திருப்பிச் சிக்கலை விடுவிப்பதற்காகத்தான்.

ரிங் கியர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது என்பது இந்தத் தொழிலின் சுவையான விஷயம். இன்ஜினை நிறுத்தும்போது ஏதோ ஒரு சிலிண்டர் அழுத்தத்துக்கு முன்னால் தயங்கி நிற்கும். ஆகவே நான்கு சிலிண்டர் இன்ஜின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டே இடங்களில் நிற்கும்; ஆறு சிலிண்டர் மூன்று இடங்களில். ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது அந்தப் பற்கள்தான். மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்க, அந்த இரண்டு இடம் மட்டும் மொட்டையாகிவிடும். புது ரிங் வாங்கக் காசில்லாதபோது மெக்கானிக்குகள் பழைய ரிங்கைச் சூடேற்றி ஃப்ளைவீலிலிருந்து கழற்றி, கால் சுற்றுத் திருப்பி மறுபடி சூட்டோடு மாட்டுவார்கள். ஆறியதும் இறுகிக்கொள்ளும். தேயாத பற்கள் அடி விழும் இடத்துக்கு வந்து, ரிங்குக்கு இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

ஸ்பிரிங்குக்கு அடுத்து வந்தது ரப்பர். உள்குழலுக்கும் வெளிக்குழலுக்கும் நடுவே ரப்பரை ஒட்டி, அதன் முறுக்கத்தில் அடியை வாங்கச் செய்தார்கள். அளவுக்கு மீறிய இழுவை வந்தால் ஒரு வாஷர் வழுக்கிக் கொடுக்கும். சத்தம் குறைந்தது. ஆனால் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும் என்பதால் இதுவும் முழு விடையாகவில்லை. பெண்டிக்ஸின் அடிப்படைக் குறை வேறொன்று. இன்ஜின் ஒரு முறை வெடித்துத் தடுமாறினாலும் போதும், பினியன் தெறித்து வெளியே வந்துவிடும். வெடிப்பு தொடராவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வெடிப்போடு பினியனை விட்டுவிடாமல், போதிய வேகம் வரும்வரை ஒரு சிறு முள்ளால் பிடித்துவைக்கும் வடிவமும் பின்னர் வந்தது.

டீசல் இன்ஜின் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பெட்ரோல் இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்த விகிதம். குளிர்ந்த காலையில் விட்டுவிட்டுத்தான் வெடிக்கும். எண்ணூரில் அசோக் லேலண்டும், 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் டாடா–மெர்சிடிஸ் பென்ஸும் டீசல் லாரிகளைப் பெருக்கியபோது, முதலில் கோத்துவிட்டுப் பிறகு சுழற்றும் முறை மேலே வந்தது. லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்த சி.ஏ.வி. செய்த பெரிய ஸ்டார்ட்டர்களில் முதல் கட்டத்தில் குறைந்த மின்சாரம் போகும். பினியன் மெதுவாகத் திரும்பிக்கொண்டே பல்லுக்குள் நழுவும். முழுதாக நுழைந்தபின் இரண்டாம் கட்டத்தில் முழு மின்சாரம் பாயும். அடியைத் தாங்க ஸ்பிரிங் தேடாமல், அடியே விழாமல் செய்வது இந்த வழி. மூன்றில் இதுவே அறிவான விடை.

கார்களிலும் 1983-ல் வந்த மாருதி 800 போன்றவற்றோடு சோலனாய்டு முறை பரவிற்று. மின்காந்தம் ஒரு லீவரை இழுத்துப் பினியனைத் தள்ளும். பல்லோடு பல் முட்டினால் லீவரின் பின்னுள்ள ஸ்பிரிங் அமுங்கிக் காத்திருந்து, மோட்டார் சற்றுத் திரும்பியதும் பினியனை உள்ளே தள்ளிவிடும். மற்றபடி நுழைந்தபின்தான் மோட்டாருக்கு முழு மின்சாரம். பினியனுக்குள் உருளைகள் கொண்ட ஒருவழிக் கிளட்ச் இருப்பதால், இன்ஜின் முந்திச் சுழன்றாலும் அந்த வேகம் ஆர்மேச்சருக்குப் போகாது. இந்தக் கிளட்சைத்தான் இன்றைக்குக் கடையில் ‘பெண்டிக்ஸ்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். வின்சென்ட் பெண்டிக்ஸின் தடித்த ஸ்பிரிங் அதில் இல்லை. அவர் 1939-ல் திவாலாகி 1945-ல் இறந்தார். தொழில் பேச்சில் மட்டும் அவர் பெயர் தான் செய்யாத பாகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய ஸ்டார்ட்டர்கள் சிலவற்றில் மோட்டாருக்கும் பினியனுக்கும் நடுவே சிறு கோள் கியர் தொகுதி இருக்கிறது. அதன் வெளிவளையத்தை ரப்பர் துண்டுகளில் உட்கார வைத்து அடியைக் குறைக்கிறார்கள். பழைய ரப்பர் வேறு இடத்தில் திரும்ப வந்திருக்கிறது.

இருசக்கர வண்டியில் கதை வேறு திசையில் போனது. 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது அதைச் சைக்கிள்போல் பெடல் மிதித்துத்தான் கிளப்ப வேண்டியிருந்தது. அதன் வாரிசான எக்ஸ்.எல். 100-ன் ‘ஐ–டச்ஸ்டார்ட்’ வகையில், மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டரே கிராங்க் தண்டின் மேல் உட்கார்ந்து மோட்டாராகவும் வேலை செய்கிறது. அதில் பினியனும் ரிங் கியரும் இல்லாததால் பல் கோக்கும் சத்தமும் இல்லை.