ஃபிளாப்பியில் வந்த புரதம்

1992 ஜனவரியில் ‘புரோட்டீன் சயின்ஸ்’ ஆய்விதழ் தொடங்கியபோது, முதல் இதழோடு ஒரு ஃபிளாப்பியும் வாசகர்களுக்குப் போனது. அதில் ‘மேஜ்’ என்றொரு சின்ன மென்பொருளும், அதில் திறக்கிற ‘கைனிமேஜ்’ கோப்புகளும் இருந்தன. கட்டுரையில் அச்சான புரதத்தை மேசைமேல் இருந்த மேக்கின்டாஷில் மவுஸால் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

அப்போது புரதத்தைத் திரையில் சுழற்ற எவன்ஸ் அண்ட் சதர்லாந்து, சிலிக்கான் கிராபிக்ஸ் வகை வரைகலைக் கணினிகள் வேண்டும். பல ஆய்வுக்கூடங்களுக்கே கட்டுப்படியாகாத விலை. மாணவருக்குக் கிடைத்ததெல்லாம் புத்தகத்துத் தட்டைப் படம்தான்.

‘மேஜ்’ மென்பொருளை எழுதியவர் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்து டேவிட் ரிச்சர்ட்சன். அவர் மனைவி ஜேன் ரிச்சர்ட்சன்தான் 1981-இல் புரதங்களைக் கையாலேயே நாடா நாடாவாக வரைந்து வெளியிட்டவர். இன்றைய பாடநூல்களின் ரிப்பன் படங்களுக்கெல்லாம் வழி காட்டியவை அவை. எதை வரைவது, எதை விடுவது என்று தெரிந்த கை அது. அந்தப் பழக்கம் மென்பொருளிலும் படிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மேஜ் பெரும்பாலும் கோடுகளால் வரைந்தது. பளபளக்கும் உருண்டைகளை அன்றைய மேக்கின்டாஷ் வரைந்து முடிப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும். கிட்ட இருக்கும் கோடு தடிப்பாகவும் எட்ட இருப்பது மெல்லிசாகவும் தெரியும். ஆழத்தைக் காட்ட அதுவே போதும். ஓர் அணுவைச் சொடுக்கினால் அதன் பெயர் வரும், முன்பு சொடுக்கிய அணுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் வரும். ஓரத்துப் பொத்தான்களால் பக்கச் சங்கிலிகளை மறைக்கலாம், மறுபடி வரவழைக்கலாம். எந்தக் கோணத்திலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பதைக் கட்டுரை ஆசிரியரே தேர்ந்து வைத்திருப்பார். ஆயிரக்கணக்கான அணுக்களை மொத்தமாக மாணவர் முன் கொட்டுவதைவிட இதுதான் நல்ல பாடம். வசதி குறைந்த கணினியால் வந்த நன்மை என்றும் சொல்லலாம்.

கைனிமேஜ் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. ‘@’ குறியோடு ஒரு கட்டளை, அடைப்புக்குறிக்குள் அணுவின் பெயர், பிறகு மூன்று எண்கள். நிறத்துக்கு எண் கிடையாது. ‘ஸீ’, ‘ஸ்கை’, ‘பீச்’, ‘லைலாக்’ என்று பெயர்தான். சாதாரண எடிட்டரில் திறந்து ஓர் ஆசிரியர் தானே திருத்திக்கொள்ளலாம்.

மேஜ் பிறகு விண்டோஸுக்கும் யூனிக்ஸுக்கும் போனது. 1993-இல் ரோஜர் செய்லின் இலவச மென்பொருள் ‘ராஸ்மால்’ வந்தது. வகுப்பறைகளில் அதற்குத்தான் பேர் கிடைத்தது. ஃபிளாப்பியும் ஒழிந்தது. கைனிமேஜ் கோப்பு மட்டும் ஜாவாவில் எழுதிய ‘கிங்’ மென்பொருளில் அப்படியே திறந்தது.

ரிச்சர்ட்சன் ஆய்வகத்தின் ‘மோல்புரோபிடி’ சேவைக்குள்ளும் கைனிமேஜ் நுழைந்தது. புரத அமைப்புகளில் பிழை தேடும் சேவை அது. அதன் அளவுகோல்களில் ஒன்று, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று எல்லை காட்டும் வரைபடம். அதை 2003-இல் ரிச்சர்ட்சன் குழுவினர் புதிய தரவுகளைக் கொண்டு திருத்தி வரைந்தார்கள். அந்த எல்லைக்கு வெளியே விழும் இடங்கள் கைனிமேஜில் பச்சையாகத் தெரியும்; அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் அடர் இளஞ்சிவப்பு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும்.